வெட்டு இல்லாத கணக்கு

"டாக்டர் கேட்டா என்னான்னு சொல்லுவ?"

"பட்ஸ் வச்சுக் குடைஞ்சேன்."

"எதுக்குக் குடைஞ்ச?"

"அரிச்சுது."

"அப்ப அம்மா எங்க இருந்தாங்க?"

"அடுப்பங்கரையில."

"சமத்து."

சமத்தாம்! எட்டு வயசுப் பெண்ணுக்கு ஒரு தாய் பாடம் நடத்துகிற அழகைப் பாருங்கள். பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டிக் கடலூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் சிவசக்தி. அவளுடைய இடது காதில் பஞ்சு. வலது பக்கம் அம்மா அகிலாண்டம். சீட்டில் உட்காரும்போதே அகிலாண்டம் யோசித்துத்தான் வலது பக்கமாக உட்கார்ந்தாள். இடது பக்கம் உட்கார்ந்து கேட்டால் பிள்ளை "ஆங்? ஆங்?" என்கிறது. அந்த "ஆங்"கைக் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

போன வாரம் படித்தவர்களுக்குத் திங்கட்கிழமை சாயங்காலம் மறந்திருக்காது. விட்டுப்போனவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சிதம்பரம் வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் அகிலாண்டம் டியூஷன் எடுக்கிறாள். கூட்டல், கழித்தல் என்றால் அந்த வட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்றாம் வகுப்பில் விரல் விட்டு எண்ணுகிற பிள்ளையை மூன்றாம் வகுப்பில் ஆயிரக்கணக்கில் கழிக்க வைத்துவிடுவாள். அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. மேலே பூச்சியம் இருந்தால் பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கினால் அந்த எண்ணை வெட்டி, மேலே புது எண்ணை எழுத வேண்டும். விடை சரியாக இருந்தாலும் வெட்டு இல்லை என்றால் மார்க் இல்லை. "வெட்டு இல்லேன்னா குட்டு!" என்று பிள்ளைகளே ராகம் போட்டுப் பாடும். பெற்றவர்களும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு மூவாயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூற்று நாற்பத்தாறைக் கழிக்கச் சொல்லியிருந்தாள். மற்ற பிள்ளைகள் பூச்சியத்தை வெட்டி வெட்டி வியர்த்துக்கொண்டிருக்க, இவள் பெற்ற மகள் ஒரு வெட்டும் போடாமல் 1754 என்று எழுதி ஸ்லேட்டை நீட்டிவிட்டாள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற ஒரு தாய் எட்டிப் பார்த்தாள். "என்னா டீச்சர், ஒங்க வூட்டுப் புள்ளைக்கே வெட்டு வரலையா?" என்று கேட்டுச் சிரித்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அந்தச் சிரிப்புதான் அகிலாண்டத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

"யாரைப் பாத்துடி எழுதுன?"

"யாரையும் பாக்கலம்மா. ஒண்ண எடுத்து ஓரமா வச்சுட்டேன்."

"ஒண்ண எடுத்து ஓரமா வச்சியா? எங்கடி வச்ச? எடு பாப்பம்! திருட்டுக் கணக்கு போட்டுட்டுப் பேச்சப் பாரு!"

தலையில் குட்டத்தான் கை ஓங்கினேன் என்று அகிலாண்டம் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். ஓங்கின கைக்கு அது தெரியுமா? விரிந்த உள்ளங்கை பிள்ளையின் காதோடு சேர்த்து விழுந்தது. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் தலையணையில் ரத்தக் கறை. "பட்ஸ் வச்சுக் குடைஞ்சிருக்குங்க" என்று புருஷன் நடேஷிடம் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஏன் மறைத்தாள் என்றால் அதற்கும் காரணம் உண்டு. இதற்கு முன்னால் ஒரு தடவை ஸ்கேலால் அடித்துப் பிள்ளையின் முழங்கை வீங்கியபோது நடேஷ் ஒரு சொல் சொல்லியிருந்தான். "இன்னொரு தடவ புள்ள மேல கை வச்ச, கடலூர்ல எங்க அக்கா வூட்டுல கொண்டுபோயி விட்டுடுவன். அப்புறம் நீ ஊர்ப் புள்ளைங்களுக்கே கணக்கு சொல்லிக்கிட்டு கெட." சொன்னால் செய்கிற ஆள் அவன். மேலவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். கடையில் சொன்ன விலையைக் குறைக்கவும் மாட்டான், வீட்டில் சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டான்.

புதன்கிழமை, டி.வி.யின் சத்தத்தை ஜாஸ்தியாக வைத்துவிட்டு அதன் முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளை நடேஷ் பார்த்தான். "ஒடனே கூட்டிட்டுப் போ. அக்காவுக்குத் தெரிஞ்ச காது டாக்டர் கடலூர்ல இருக்காரு" என்றான்.

அப்படித்தான் இந்த வியாழக்கிழமைக் காலையில் அம்மாவும் மகளும் பஸ்ஸில் ஏறினார்கள்.

*

திருப்பாதிரிப்புலியூரில் டாக்டரின் வாசலிலேயே விருத்தாம்பாள் காத்துக்கொண்டிருந்தாள். நடேஷின் அக்கா. கடலூரில் அரசாங்க ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கலியாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. கோடை லீவு முழுக்கச் சிவசக்தி அவள் வீட்டில்தான் கிடந்தாள்.

"அத்தை!" என்று ஓடிய பிள்ளையை அணைத்துக்கொண்டு, "என்னா கண்ணு, காதுல பஞ்சு மில்லு வச்சிருக்க?" என்று சிரிக்க வைக்கப் பார்த்தாள். சொன்னது இடது காதோரம். பிள்ளை அத்தையின் வாயையே பார்த்தது. விருத்தாம்பாளின் முகம் மாறியது.

"என்னா அகிலா இது?"

"பட்ஸுங்க அண்ணி" என்றாள் அகிலாண்டம்.

டாக்டர் வயசானவர், சிடுசிடுப்பானவர். விளக்கு வைத்த குழாயைக் காதில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். கவை போலிருந்த ஓர் இரும்பைத் தட்டிப் பிள்ளையின் நெற்றி நடுவில் வைத்து, "சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?" என்றார். சிவசக்தி வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. உள்ளே பிள்ளையின் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையைத் தூக்கணும், கொஞ்சமா கேட்டாலும் தூக்கணும்" என்று நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தாள். வலது காதுக்கு மளமளவென்று கை தூக்கினாள். பிறகு இடது காது. கை மடியிலேயே கிடந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அகிலாண்டம், 'தூக்குடி, தூக்குடி' என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது முகத்தில் தெரிந்ததோ என்னவோ, பிள்ளை அம்மாவைப் பார்த்தது, பார்த்துவிட்டுக் கையைத் தூக்கியது. அகிலாண்டத்துக்கு உயிர் வந்தது.

"நான் இப்ப சத்தமே குடுக்கலியே பாப்பா" என்றாள் நர்ஸம்மா.

அவளுக்கு இது புதுசில்லை போலிருக்கிறது. எழுந்து வந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். இப்போது பிள்ளையின் முதுகும் இரட்டைச் சடையும்தான் தெரிந்தன. நர்ஸம்மா பொத்தானை அழுத்தினாள், திருகினாள், மறுபடி அழுத்தினாள். கை எழும்பவே இல்லை. அகிலாண்டம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பட்ஸ் குத்தினா காதுச் சவ்வுல ஒரு எடத்துல ஓட்ட விழும். இது கிழிஞ்சிருக்கு. கையை விரிச்சு அறைஞ்சா உள்ள காத்து போயி அடிக்கும். அப்பதான் இப்பிடிக் கிழியும். யார் அடிச்சது?"

அகிலாண்டம் பிள்ளையின் சடையைச் சரிசெய்தாள்.

"நான் போலீஸ் இல்லம்மா. நெசத்தச் சொன்னா எனக்கு வைத்தியம் பண்ண ஒத்தாசையா இருக்கும். பாப்பா, நீ சொல்லு."

"பட்ஸ் வச்சுக் குடைஞ்சேன். அரிச்சுது. அம்மா அடுப்பங்கரையில இருந்தாங்க" என்று சிவசக்தி ஒரு மூச்சில் ஒப்பித்தாள்.

அம்மா எங்கே இருந்தாள் என்று டாக்டர் கேட்கவே இல்லை. அவர் அகிலாண்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை இழுத்தார்.

"சவ்வு தானா மூடிக்கும், அதப் பத்திக் கவலயில்ல. உள் நரம்புல அடி பட்டிருக்கு. அதுக்கு மாத்திரை எழுதறேன். கொஞ்சம் திரும்பலாம். முழுசாத் திரும்பும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். அடிபட்ட அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

அன்றைக்கே வராததற்குக் காரணம் பயம். பொய் சொல்லிச் சொல்லிக் கடத்திய நாளெல்லாம் பிள்ளையின் காதைத் தின்றிருக்கிறது. இதை டாக்டர் சொல்லித்தான் அகிலாண்டம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் விருத்தாம்பாள் செல்போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள்.

"நடேசா, பட்ஸும் இல்ல கிட்ஸும் இல்ல. புள்ளைய யாரோ அறைஞ்சிருக்காங்க. டாக்டரே சொல்லிட்டாரு. காது கேக்கறது சந்தேகந்தான்டா."

எதிர்முனையில் நடேஷ் போட்ட சத்தம் வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "அந்த ரேகா மிஸ்ஸுதான்! போன மாசம் கிளாஸ்ல பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சாளே, நான் கூடப் போயி சண்ட போட்டனே! அந்தக் கறுவுதான்! புள்ளைகிட்ட போனக் குடு அக்கா!"

விருத்தாம்பாள் போனைப் பிள்ளையின் வலது காதில் வைத்தாள். "சக்தி, ரேகா மிஸ்ஸா அடிச்சாங்க? பயப்படாம அப்பாகிட்ட சொல்லு."

சிவசக்தி அம்மாவைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் அகிலாண்டம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இல்லைங்க, நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சொன்னால், இன்றைக்கு ராத்திரி பிள்ளை தன் பக்கத்தில் படுக்காது. நாளைக்கும் படுக்காது. அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆமாம்ப்பா" என்றாள் சிவசக்தி.

*

மஞ்சக்குப்பத்தில் விருத்தாம்பாளின் வீடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போனார்கள். மூன்று மணிக்கு மறுபடி டாக்டரிடம் வந்து ஓர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள் அகிலாண்டம். உள்ளே இறங்கவில்லை. ரேகா மிஸ்ஸை அவளுக்குத் தெரியும். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுத் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண். ஒரு தடவை கோயில் வாசலில் பார்த்தபோது, "சக்தி கணக்குல படு கெட்டிங்க. ஒங்களாலதான்" என்றாள். அகிலாண்டத்துக்கு அன்றைக்குத் தலை கால் புரியவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். சும்மா உட்கார முடியவில்லை. கூடத்தில் அத்தையும் மருமகளும் பேசுவது கேட்டது.

விருத்தாம்பாள் பள்ளியிலிருந்து அறுந்த மணிச் சரங்களைக் கோப்பதற்காக வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். அவளுடைய பள்ளியில் இப்போது எல்லாம் மணியும் அட்டையும்தான். ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்குப் பத்து மணி கோத்த சரம், நூறுக்கு அந்தச் சரங்கள் பத்தைச் சேர்த்துக் கட்டிய தட்டு, ஆயிரத்துக்குத் தட்டுகளை அடுக்கிய கட்டி. பிள்ளைகள் கையால் எடுத்துப் பார்த்தே கூட்டும், கழிக்கும். சிவசக்தி கோடையில் இதிலேதான் விளையாடினாள்.

"அத்தை, ஒரு கணக்கு சொல்லு."

"வேணாங்கண்ணு, தல வலிக்கும். படுத்துக்க."

"ஒண்ணே ஒண்ணு அத்தை. நானே சொல்லவா? மூவாயிரத்துல ஆயிரத்து எரநூத்தி நாப்பத்தாறு போனா?"

"பேனா பேப்பரு வேணுமா?"

"வேணாம். மூவாயிரத்துலேருந்து ஒரே ஒரு மணிய எடுத்து ஓரமா வச்சுட்டேன். மிச்சம் ரெண்டாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தி ஒம்பது. இப்ப எல்லா வூட்லயும் ஒம்பது ஒம்பதா இருக்கு. யாருகிட்டயும் கடன் வாங்க வேணாம். ஒம்பதுல ஆறு போனா மூணு. ஒம்பதுல நாலு போனா அஞ்சு. ஒம்பதுல ரெண்டு போனா ஏழு. ரெண்டுல ஒண்ணு போனா ஒண்ணு. ஆயிரத்து எழுநூத்தி அம்பத்தி மூணு. ஓரமா வச்ச மணிய எடுத்துச் சேத்தா அம்பத்தி நாலு!"

"அடி என் தங்கமே! லீவுல சொல்லிக் குடுத்தத இன்னும் மறக்கலியா நீ?"

அடுப்படியில் பாத்திரத்தைத் தேய்த்த கை நின்றது. ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தேன் என்று பிள்ளை சொன்னது இதைத்தான். திருடவில்லை. பார்த்து எழுதவில்லை. தான் இத்தனை வருஷம் வெட்டி வெட்டிச் சொல்லிக் கொடுத்ததைவிடச் சுலபமான வழியில், பேனாவே இல்லாமல், மனசிலேயே போட்டிருக்கிறது. அகிலாண்டம் குழாயை மூடிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"இத அம்மாகிட்ட போட்டுக் காட்டினியா?" என்று கூடத்தில் விருத்தாம்பாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"காட்டினேன் அத்தை."

"என்னா சொன்னாங்க?"

"திருட்டுக் கணக்குன்னாங்க."

"அப்பறம்?"

மணி ஒவ்வொன்றாகச் சரத்தில் விழுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

விருத்தாம்பாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் முதுகிலும் கையிலும் அடித் தழும்பைப் பார்த்தவள் அவள். அதற்கு மேல் யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"ஏன்டி பாவி!"

"அண்ணி, மெதுவா…"

"மெதுவா பேசணுமா? ஒரு காது போச்சு, இன்னொண்ணுல கேட்டுடப் போவுதுன்னா? அவ போட்ட கணக்கு சரி அகிலா. நான்தான் அந்த வழியச் சொல்லிக் குடுத்தேன். அது எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா அது சொல்லியிருக்குமே!"

"வெட்டே இல்லியே அண்ணி. நான் பாத்து எழுதிட்டான்னு… வாசல்ல நின்னுகிட்டு அந்தப் பொம்பள சிரிச்சா. எனக்கு மானம் போன மாதிரி ஆயிடுச்சு."

"ஒன் மானத்துக்குப் புள்ளையோட காதா?"

அகிலாண்டம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று தெருவில் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருப்பாள். இப்போது அந்தக் கையில் பாத்திரச் சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அவுருகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. ஒங்க கால்ல வேணா விழறேன். புள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சுடுவாரு."

"அந்த டீச்சருப் பொண்ணு?"

"அது… நான் அப்பறமா பேசிக்கறேன்."

"எப்பப் பேசுவ? அவ வேல போன அப்பறமா?"

பயந்த மனுஷிக்கு நாக்கில் விஷம் ஊறும் என்பது பொய்யில்லை. அகிலாண்டம் தலையை நிமிர்த்தி, "சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. ஒங்களுக்குத் தோதாப் போச்சு. புள்ள ஒங்க வூட்டுக்கு வந்துடும்ல?" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

விருத்தாம்பாள் கத்தவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, எனக்கு ஆசைதான்" என்றாள். "லீவு முடிஞ்சு அத பஸ் ஏத்தி உட்டுட்டு வந்து ரெண்டு நாளு நான் சோறு திங்கல. அந்த ஆசை இருக்கறதாலதான் சொல்றேன், நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா என் தம்பி என்னை நம்புவான், நீ சொன்ன மாதிரி புள்ளையும் இங்க வந்துடும். அப்படி வர்ற புள்ள எனக்கு வேணாம். நீயே சொல்லு. அதுக்கு முன்னாடி ஒண்ணு நெனச்சுக்க. நீ சொல்லிக் குடுத்த பொய்ய அது இன்னிக்கு ரெண்டு எடத்துல சொல்லியிருக்கு. டாக்டர்கிட்ட ஒண்ணு, அப்பன்கிட்ட ஒண்ணு. நாளைக்கு அது நெசமே பேசினாலும் நம்புறதுக்கு ஆளிருக்காது."

அவள் அகிலாண்டத்தின் போனை எடுத்து வந்து திட்டில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அகிலாண்டம் ஈரக் கையோடு போனை எடுத்தாள். கூடத்தைப் பார்த்தாள். பிள்ளை சரத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தது. பெரியவர்கள் சண்டை போட்டால் தன்னால்தான் என்று தெரிந்த பிள்ளைகள் அப்படித்தான் உட்காரும். அதைப் பார்த்த பிறகு அவளால் தள்ளிப்போட முடியவில்லை. நடேஷுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அகிலா, முடிஞ்சிது வேலை!" பைக்கை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசினான் போலிருக்கிறது, பக்கத்தில் ஹாரன் சத்தம். "கடைய மூடிட்டு நேரா ஸ்கூலுக்குத்தான் போனேன். போட்ட சத்தத்துல கரெஸ்பாண்டன்ட் ஆடிப்போயிட்டாரு. அந்தப் பொண்ண அப்பவே வேலைய விட்டு எடுத்துட்டாங்க. நான்தான் அடிச்சேன்னு கையெழுத்துப் போட்டு எழுதியும் குடுத்துட்டா."

"எழுதிக் குடுத்தாளா?"

"குடுக்காம எங்க போவா? ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் அவுங்ககிட்டல்ல இருக்கு. எழுதினாத்தான் திருப்பித் தருவோம்னாங்க. மொதல்ல ‘சத்தியமா நான் தொடல சார்’னு அழுதா. அப்பறம் அழுதுகிட்டே எழுதினா. நாளைக்குப் போலீஸ்லயும் குடுக்கலாம்னு இருக்கேன். புள்ளைக்கு ஊசி போட்டாச்சா?"

அகிலாண்டம் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"என்னங்க, அந்தப் பொண்ணு அடிக்கல. நான் அடிச்சேன்."

"என்னா?"

"திங்கக்கெழம டியூஷன்ல நான்தான் அறைஞ்சேன். பட்ஸுன்னு நான்தான் சொல்லச் சொன்னேன். ஒடனே ஸ்கூலுக்குத் திரும்பிப் போங்க. அந்தப் பொண்ண ஊருக்கு பஸ் ஏற உட்டுடாதீங்க. நான் வந்து சொல்றேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"பைத்தியமாடி ஒனக்கு? அந்தப் பொண்ணு மேல பாவப்பட்டு இப்பிடிப் பேசறியா? கொழந்தையே சொல்லிச்சே, மிஸ்ஸுதான் அடிச்சாங்கன்னு!"

"அது எனக்காகச் சொல்லிச்சுங்க."

அவன் குரல் மாறியது. "சக்திகிட்ட குடு."

அவள் கூடத்துக்குப் போய்ப் போனைப் பிள்ளையிடம் நீட்டினாள். சிவசக்தி அதை வாங்கி வலது காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். நடேஷ் கத்தத்தான் செய்தான். ஒவ்வொரு சொல்லும் வெளியே தெறித்தது.

"சக்தி! அம்மா ஒன்ன அடிச்சாளா? அடிச்சான்னு மட்டும் சொல்லு, இப்பவே நான் வர்றன். இனிமே அந்த வூட்டுல நீ இருக்க வேணாம்!"

பிள்ளையின் முகம் வெளுத்தது.

"உண்மையச் சொல்லு கண்ணு" என்றாள் அகிலாண்டம். "அம்மாதான் அடிச்சேன்னு சொல்லு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது, சொல்லிடு."

அவள் நின்றது பிள்ளையின் இடது பக்கம். கேட்கிற காதைப் போன் அடைத்திருந்தது. அவள் சுற்றி இந்தப் பக்கம் ஓடி வருவதற்குள் சிவசக்தி வாயைத் திறந்துவிட்டாள்.

"இல்லப்பா. அம்மா அடிக்கல. அம்மா சும்மா சொல்றாங்க. மிஸ்தான் அடிச்சாங்க. இந்தக் காதுல அடிச்சாங்க. ரெண்டு தடவ அடிச்சாங்க."

விருத்தாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அகிலாண்டம் போனைப் பிடுங்கி, "என்னங்க, கேளுங்க, என்னங்க!" என்றாள். "நீ ஒண்ணும் பேசாத!" என்று நடேஷ் போட்ட சத்தம் கேட்டது. பைக் உறுமியது. போன் செத்துப்போனது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

சிவசக்தி எழுந்து வந்து அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். கணக்குப் போட்டுவிட்டு ஸ்லேட்டை நீட்டும்போது பார்க்கிற அதே பார்வை.

"கரெக்டாச் சொன்னேனாம்மா?"

கேட்டுவிட்டு, பதிலுக்காக வலது காதை அம்மாவின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.